வாயசைவு

படம் வந்தது. சத்தம்தான் வரவில்லை.

தனகோடி டிஸ்க்கை வெளியே எடுத்து, பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். கீறல் இல்லை. விரல் ரேகைகூட இல்லை. அப்போதுதான் எழுதி இறக்கிய டிஸ்க், இன்னும் இளஞ்சூடாக இருந்தது. மறுபடி பிளேயரில் தள்ளினான். களம்பூர் ரைஸ்மில்காரர் இராஜமாணிக்கத்தின் மகள் கல்யாணம் சின்ன டிவியில் ஓடத் தொடங்கியது. நாகசுரக்காரர் கன்னம் உப்ப ஊதினார். தவில்காரரின் விரல்கள் பறந்தன. மணப்பெண்ணின் காதருகே யாரோ ஒருத்தி குனிந்து ஏதோ சொல்ல, சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் வாயைத் திறந்து சிரித்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. இதே கல்யாணம் கம்ப்யூட்டரில் காதைக் கிழித்தது. டிஸ்க்குக்கு மாற்றியதும் ஊமையாகிவிடுகிறது.

அவன் தொழிலில் இது புதிய நோய் இல்லை. நெட்டில் இறக்கிய படமோ, செல்போனில் பிடித்த படமோ, டிவியில் ஓடும் டிஸ்க்காக மாற்றும்போது சத்தம் தொலைந்துபோவது வழக்கம்தான். படத்தை ஒரு விதமாகவும் சத்தத்தை வேறு விதமாகவும் சுருட்டி வைத்திருப்பார்கள். சத்தத்தைப் பிரிக்கத் தெரிந்த மென்பொருள் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் படம் மட்டும் வந்து சேரும். இதெல்லாம் இப்போது அவனுக்குத் தெரியும். போன வருஷம் தெரியாது.

போன வருஷம் என்று நினைத்ததும் கை தானாகவே பிளேயரை அணைத்தது.

இன்று அமாவாசை. கொசப்பாளையத்தில் ஒரு தறியும் ஓடாத நாள். மற்ற நாட்களில் தெருவின் இரண்டு பக்கமும் விசைத்தறிகள் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பிறந்த குழந்தை தூங்கும், கிழவர்கள் கதை பேசுவார்கள், புருஷன் பெண்டாட்டி ரகசியமும் பேசிக்கொள்வார்கள். அது நின்றுபோகிற நாளில்தான் அப்படி ஒரு சத்தம் இருந்ததே தெரியும். சுவர்க்கடிகாரம் கேட்கும். பக்கத்து வீட்டுப் பாத்திரம் கேட்கும். தன் தொண்டைக்குள் எச்சில் இறங்குவது கேட்கும். தனகோடி கொஞ்ச நாளாக அமாவாசைக்குப் பயந்துகொண்டிருந்தான்.

இராஜமாணிக்கம் காலையிலேயே போன் செய்திருந்தார். போன வாரம் கொடுத்த டிஸ்க்கைச் சம்பந்தி வீட்டில் போட்டுக் காட்டினாராம். ‘இன்னாய்யா, ஊமைக் கல்யாணமா பண்ண’ என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டாராம். தனகோடி பதில் சொல்லச் சொல்ல, அவர் ‘அலோ, அலோ’ என்றே கத்திக்கொண்டிருந்தார். பிறகு போனை வைத்துவிட்டார்.

அதுவும் இப்போது வழக்கமாகிவிட்டது. டீக்கடையில் அவன் டீ கேட்டால் துரைக்கண்ணு திரும்பிப் பார்ப்பதில்லை. கல்லாவுக்கு முன்னால் போய் நின்று கையை ஆட்ட வேண்டியிருந்தது. நேற்று வீட்டு முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி திலகவதியைப் பின்னாலிருந்து கூப்பிட்டான். அவள் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டான். கிட்டே போய்த் தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள்.

“இன்னாங்க, பூனை மாதிரி வந்து நிக்கறீங்க? ஒரு குரல் குடுக்கக் கூடாதா?”

குரல் கொடுத்துக்கொண்டுதான் வந்தேன் என்று அவன் சொல்லவில்லை.

*

சூசைமேரி முதன்முதலில் கடைக்கு வந்தது முகூர்த்த மாதத்தில். மாதா கோயில் தெருக்காரி. பட்டுக்கு நூல் சுற்றுகிற வேலை. ஒரே பிள்ளை வின்சென்ட், வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அவன் அறையில் இருந்த யாரோ செல்போனில் பிடித்து அனுப்பிய படம் அது. பிரவுசிங் சென்டரில் இருக்கும் டயானா அதை இறக்கிப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தாள். அங்கே எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கர் கிடையாது. டயானா படம் மட்டும் பார்த்தாளாம். ‘தம்பி எளச்சிட்டான்கா’ என்று சொல்லியிருந்தாள். வின்சென்ட் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த டிஸ்க் பிளேயர் வீட்டில் இருந்தது. அதில் ஓடுகிற மாதிரி ஆக்கித் தர வேண்டும். அவ்வளவுதான் சூசைமேரி கேட்டது.

தனகோடி மாற்றிப் பார்த்தான். சத்தம் வரவில்லை. ஒரு தடவை முயன்றான், அதோடு விட்டான். மேசைமேல் கல்யாண வேலை குவிந்து கிடந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்த ஊர் வீடியோக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. கல்யாணமோ காதுகுத்தோ, பிடித்த இடத்துச் சத்தத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை. அந்த இரைச்சலை எடுத்துவிட்டு மேலே ஒரு பாட்டை ஓட்டிவிடுவார்கள். வின்சென்ட்டின் படத்துக்கும் அதைத்தான் செய்தான். மாதா கோயிலில் குழந்தைகளுக்கு நடந்த ஒரு புதுநன்மை விழா வீடியோவுக்காக வைத்திருந்த கீபோர்டு இசை கையில் இருந்தது. அதை மேலே ஒட்டி டிஸ்க்கை எழுதினான்.

கடையிலேயே போட்டுக் காட்டினான். இரும்புக் கட்டில் ஒன்று, அதன்மேல் உட்கார்ந்த பையன், பின்னால் சாத்தியிருந்த கதவு. கீபோர்டு இழைந்து வழிந்தது. சூசைமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டாள்.

“தம்பி, அவன் வாய் அசையுதே?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சத்தம் எனக்கு எடுக்க வரவில்லை, வேலூரில் யாரிடமாவது காட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாசலில் ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் தெரியாது என்ற சொல் வரவில்லை.

“பாடறான்கா. பாட்டோடதான் அனுப்பிகிறான். கூடவே பாடறான்.”

அவள் முகம் மலர்ந்ததை அவன் பார்த்தான். வின்சென்ட் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியவன். “ஆமா, அவன் பாடுவான்” என்றாள். தெருவே வந்து பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டான். பங்குச் சாமியார்கூடப் பார்த்துவிட்டு, பிள்ளை அங்கே போயும் ஆண்டவரை மறக்கவில்லை என்று பூசையில் சொன்னாராம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அறையில் வயர் பற்றிக்கொண்டதாகக் கம்பெனிக்காரன் எழுதியிருந்தான். அடக்கத்தை வீடியோ எடுத்தது தனகோடிதான். குழிக்குள் பெட்டி இறங்கும்போது சூசைமேரி அழுத அழுகை பொறுக்க முடியாமல், டிஸ்க் போடும்போது அந்தச் சத்தத்தையும் நீக்கிவிட்டான். மேலே ஓட்ட வேறு இசை அவனிடம் இல்லை. அதே கீபோர்டு.

தை மாதத்தில் போளூரிலிருந்து வந்த சினேகிதன் ஜெயக்குமார், செல்போன் படங்களின் சத்தத்தைப் பிரிக்கிற மென்பொருளை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு தனகோடி வேலை எதையும் தொடவில்லை. கம்ப்யூட்டரில் அந்தப் பழைய படம் எங்கே கிடக்கிறது என்று கைக்குத் தெரிந்திருந்தது. திறந்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

கட்டில். பையன். கதவு.

“யம்மா, நான் வின்சென்ட் பேசறேன். இங்க பொழுது சாஞ்சா ரூம வெளிய பூட்டிடறாங்கமா. உள்ள வயரு பொகையுது, நாத்தம் வருது. சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. போன் பேசவும் உட மாட்டேங்கறாங்க. சாமியாராண்ட சொல்லி ஜல்தி எதனா பண்ணுமா. இத பாத்ததும் பண்ணுமா.”

பாட்டு இல்லை. பாட்டின் சாயல்கூட இல்லை. கடைசியில் பையன் பேச்சை நிறுத்திக் கதவைத் திரும்பிப் பார்த்தான். கடையில் ஓட்டிக் காட்டியபோதும் அவன் அப்படித் திரும்பியதைத் தனகோடி கவனித்திருந்தான். யாரோ கூப்பிட்டார்கள் போல என்று நினைத்திருந்தான்.

ஹெட்போனைக் கழற்றினான். காது வியர்த்திருந்தது. அந்தப் படத்தை அழித்தான். கம்ப்யூட்டரின் குப்பைக் கூடையிலிருந்தும் அழித்தான். வெளியே தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதான். யாருக்கும் கேட்கவில்லை.

அன்றிலிருந்துதான் ஒவ்வொன்றாகச் சத்தம் தொலையத் தொடங்கியது.

*

பொழுது சாய்கிற நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. சூசைமேரி நின்றிருந்தாள். மாதா கோயிலிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், கையில் ஜெபமாலை இருந்தது. அடக்கத்துக்குப் பிறகு அவளை நேருக்கு நேர் பார்க்காமலே இத்தனை மாதத்தை ஓட்டிவிட்டான். தெருமுனையில் அவள் வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொள்வான்.

டிஸ்க் பேஜார் பண்ணுவதாகச் சொன்னாள். தினமும் போட்டுப் பார்க்கிறாளாம், தேய்ந்துபோயிருக்கும் போல. பாட்டு வரவர அமுங்குகிறதாம்.

புது டிஸ்க் போட மூலப் படம் வேண்டும், அது தன்னிடம் இல்லை என்று அவன் சொன்னான். வார்த்தைகள் காற்றாகத்தான் வந்தன. அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பழகிய பார்வை அது.

“புது டிஸ்க் வாணாம் தம்பி. பாட்டு அமுங்க அமுங்க, அடியில அவன் கொரலு கேக்குது. அம்மாங்கறான். அதுக்கு மேல இன்னாவோ சொல்றான், வெளங்கல. நீ வந்து அந்தச் சத்தத்த மட்டும் சரி பண்ணிக் குடு.”

அப்படி வராது என்று அவனுக்குத் தெரியும். அந்த டிஸ்க்கில் கீபோர்டு இசையைத் தவிர வேறெதுவும் இல்லை. எழுதியவன் அவன். எழுதிய டிஸ்க் தானாக மாறாது. அடியில் குரல் ஒளிந்திருக்க அங்கே அடியென்று எதுவும் இல்லை. இதைச் சொல்லிவிட்டால் போதும், அவள் போய்விடுவாள். சொன்னால், ‘அப்போ அவன் இன்னாதான் பாடினான் தம்பி’ என்று கேட்பாள்.

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

தெரு வெறிச்சோடிக் கிடந்தது. திறந்த கதவுகளுக்குள் தறிகள் போர்த்தப்படாமல் நின்றன. பாவு நூல்கள் கடைசி வெளிச்சத்தைப் பிடித்து மின்னின. சாயப் பட்டறைக் கால்வாயின் புளித்த வாடை வந்தது. சூசைமேரியின் செருப்புச் சத்தம் முன்னால் போனது. தன் காலடியைக் கேட்டுப் பார்த்தான். கேட்கவில்லை. வேண்டுமென்றே அழுத்தி மிதித்தான். மண் தெறித்தது. சத்தம் இல்லை. அவளிடம் போகிற வழியிலேயே சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. அவளுக்கு முன்னால் போய் நின்று, ‘அக்கா, அவன் பாடவே இல்ல’ என்று ஒரே வார்த்தை. அந்த வார்த்தையோடு இன்னொன்றும் சேர்ந்து வரும் என்று அடுத்த அடியில் தோன்றியது. அன்றைக்கே சத்தம் கேட்டிருந்தால் சாமியார் யாரையாவது பார்த்திருப்பார். யாராவது எங்காவது போன் போட்டிருப்பார்கள். பூட்டுத் திறந்திருக்கும். முகூர்த்த மாதத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடையில் எத்தனையோ நாள் இருந்தது.

சொல்லக் கூடாது. மாதா கோயில் தெருவுக்குள் திரும்பும்போது அதை முடிவு செய்துவிட்டான். பாவம், அவள் பாட்டென்றே நினைத்துக்கொண்டு இருக்கட்டும். அது அவளுக்காகத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

ஒற்றை அறை வீடு. மெழுகுவர்த்தி வாசனை. மாதா படத்துக்குக் கீழே வின்சென்ட்டின் புகைப்படம், அதற்கும் கீழே டிவி. மூலையில் நூல் சுற்றும் ராட்டை. சூசைமேரி அவனை டிவிக்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“கொசு வரும்” என்றாள்.

தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அவனுடைய சத்தங்களைப் போல அமுங்கவில்லை, தெளிவாகக் கேட்டது. அவள் அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினாள்.

கட்டில். பையன். பின்னால் கதவு.

கீபோர்டு ஒலித்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, எங்கோ தூரத்தில். தனகோடி மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்குள் காதை விட்டுத் தேடினான். பாட்டைத் தவிர ஒன்றுமில்லை. கொஞ்சம் தைரியம் வந்தது. டிவி ஸ்பீக்கரின் கோளாறு, அவ்வளவுதான். நாளைக்கு வேறு டிவி கொண்டுவந்து காட்டலாம். அப்படிச் சொல்லலாம் என்று திரும்பினான்.

பாட்டு நின்றது.

படம் ஓடிக்கொண்டிருந்தது. பையனின் உதடுகள் அசைந்தன. அறைக்குள் சத்தமே இல்லை. சுவரில் பல்லி ஒன்று வாலை அடித்தது, அதுகூடக் கேட்கவில்லை. ஒரு வாடை மட்டும் வந்தது. மெழுகு வாடை இல்லை. சாயத்து வாடை இல்லை. ரப்பர் கருகுகிற, தொண்டையைப் பிடிக்கிற வாடை. டிவியின் பின்பக்கம் பார்த்தான். புகை இல்லை. வாடை வெளியிலிருந்து வரவில்லை. அவன் நாக்கிலிருந்து வந்தது.

எழ முயன்றான். கால் வரவில்லை.

“இந்த எடந்தான்” என்றாள் சூசைமேரி. “இந்த எடத்துலதான் அம்மாங்கறான்.”

திரையில் பையனின் வாய் திறந்தது.

தனகோடியின் வாயும் திறந்தது.

அவன் திறக்கவில்லை. தாடை தானாக இறங்கியது. உள்ளே ஏதோ ஒன்று தொண்டையை அகட்டிக்கொண்டு மேலே ஏறியது. இத்தனை நாள் எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியாமல் இருந்த சத்தம் அது. சூடாக இருந்தது. இளசான குரல். அவனுடையது இல்லை.

“யம்மா, நான் வின்சென்ட் பேசறேன்.”

சூசைமேரி மெல்லத் திரும்பினாள். டிவியைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

வாயை மூடப் பார்த்தான். கையால் பொத்தினான். விரல்களுக்கு இடையிலும் வந்தது. திரையில் உதடு அசைய, அதே நேரத்துக்கு, அதே அளவுக்கு, கொஞ்சமும் முன்பின் இல்லாமல். பொழுது சாய்ந்தால் பூட்டுகிறார்கள் என்றது. வயர் புகைகிறது என்றது. சாமியாரிடம் சொல் என்றது. அவள் முகத்தில் ஒவ்வொரு வார்த்தையும் போய் விழுவதை, முகம் ஒவ்வொரு வார்த்தைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாவதை அவன் பார்த்தான். கண்ணை மூட முடியவில்லை.

“இத பாத்ததும் பண்ணுமா.”

பையன் கதவைத் திரும்பிப் பார்த்தான். தனகோடியின் கழுத்தும் திரும்பியது. சாத்திய கதவு. தாழ்ப்பாள்.

படம் முடிந்து நீலத் திரை வந்தது. மன்னிக்கச் சொல்லி அவள் காலில் விழ வேண்டும். அக்கா என்று சொல்ல உதட்டைக் குவித்தான். காற்று வந்தது. காற்று மட்டும்.

சூசைமேரி ரிமோட்டைத் தரையில் வைத்தாள். பிறகு எழுந்து, அவன் முகத்துக்கு நேராக மண்டிபோட்டு உட்கார்ந்தாள். காய்ந்த விரலால் அவன் கன்னத்தைத் தொட்டாள். பிள்ளையைத் தொடுவதுபோல் தொட்டாள். அந்தக் கண்ணில் கோபத்தைத் தேடினான். இருந்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பான். இல்லை.

“சத்தம் சரியாயிட்ச்சி தம்பி” என்றாள்.

ரிமோட்டை எடுத்தாள். முதலிலிருந்து ஓடவிட்டாள்.

கட்டில். பையன். கதவு.

விடிந்ததும் தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக எழுந்து அடிக்கத் தொடங்கின. அந்த இரைச்சலுக்குள் சூசைமேரி காதை அவன் வாயருகே கொண்டுவந்து, கண்களை மூடிக்கொண்டு, கட்டை விரலால் ரிமோட்டை மறுபடியும் அழுத்தினாள். ஸ்டூலில் தனகோடி உட்கார்ந்திருந்தான். உதட்டோரங்கள் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. திரையில் பையனின் வாய் திறந்தது. அவன் தாடை இறங்கியது.

“யம்மா.”